நாற்பத்தொரு வெள்ளைச் சீட்டுகள்

ஜூன் 3. ஓசூர், எங்கள் வீடு. காலை 7.40க்கு மகள் தலைவலி என்று சொல்லிப் படுத்தாள். வயது 31. 8.15க்கு நினைவு தப்பியது. 8.50க்கு மருத்துவமனை சேர்ந்தோம்.

ஜூன் 5. பிற்பகல் 2.10. இறந்தாள். காரணம், மூளையில் ரத்தக்கசிவு.

ஜூன் 20. பதினாறாம் நாள் காரியம்.

ஜூன் 23. முற்பகல் 10 முதல் 1 வரை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் மகள் வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தேன். உள்ளே 41 குப்பிகள். ஒவ்வொன்றிலும் எத்தனாலில் ஒரு சிலந்தி; பென்சிலால் எழுதிய ஒரு காகிதச் சீட்டு. 41 சீட்டுகளையும் நீக்கி, நான் எழுதிய புதிய சீட்டுகளை இட்டேன்.

ஜூலை 14. காலை 9. டப்பாவைத் திறந்தேன். 41 சீட்டுகளிலும் எழுத்து இல்லை.

இவை என் நாட்குறிப்பில் உள்ள வரிகள். அன்றன்று எழுதியவை, ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஜூலை 14க்குப் பிறகு பல வாரங்கள் நாட்குறிப்பின் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. அந்த வாரங்களில் நடந்ததை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்தப் பகுதியின் கல்லூரிகளில் கற்பித்தேன். எங்களுக்கு ஒரே மகள். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் சிலந்திகளின் பரிணாமத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஓசூரிலிருந்து எல்லை தாண்டி வேலைக்குப் போகும் கூட்டத்தோடு காலைப் பேருந்தில் போய், மாலையில் திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பர்கூர்ப் பக்கத்துக் கல் குன்றுகளின் அடிவாரத்தில் மண்டியிட்டுக் கிடப்பாள்.

அவள் தேடியது வலை பின்னும் சிலந்தியை அல்ல. மண்ணில் விரல் கனத்துக்குக் குழி தோண்டி, அதன் வாய்க்கு மண்ணையும் நூலையும் சேர்த்து ஒரு மூடி செய்து, மூடிக்குப் பின்னால் காத்திருக்கும் ஓர் இனம். பெண் சிலந்தி தாயின் குழிக்குச் சில அடி தள்ளித் தன் குழியைத் தோண்டினால், ஆயுள் முழுவதும் அதுதான் அதற்கு வீடு. ஆண் மட்டும் மழைக்காலத்தில் வெளியே அலையும். இப்படி இடம்பெயராத உயிரின் வரலாற்றைப் படிக்க மைட்டோகாண்ட்ரியா உதவும் என்று மகள் சொல்வாள். உயிரணுவுக்குள் இருக்கும் அந்த நுண்ணுறுப்புக்குத் தனியாக ஒரு சிறிய மரபணுத் தொகுதி உண்டு. சிலந்தியில் அது ஏறக்குறைய பதினைந்தாயிரம் டி.என்.ஏ. எழுத்து நீளம். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகும். ஆகவே இரண்டு சிலந்திகளின் தொகுதிகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அவற்றின் தாய்வழிகள் எவ்வளவு காலத்துக்கு முன் பிரிந்தன என்று கணிக்கலாம்.

இதை அவள் எங்களுக்கு விளக்கியது ஒரு ஞாயிறு மதிய உணவின்போது. "பாருங்கப்பா, என்கிட்ட இருக்கிற மைட்டோகாண்ட்ரியா முழுக்க அம்மாவோடது. இந்த விஷயத்துல உங்களுக்கு ஒரு எழுத்துகூடக் கிடையாது" என்றாள். "பிடிவாதம் மட்டும் எங்கேர்ந்து வந்துச்சாம்?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி ரசம் ஊற்றினாள்.

பர்கூருக்கு அருகே நெடுஞ்சாலையின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு குன்றுகள் இருந்தன. வடக்குக் குன்று இப்போது இல்லை. கருங்கல்லுக்காக வெட்டி எடுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் ஒரு பள்ளமும் அதில் பச்சைத் தண்ணீரும் இருக்கின்றன. கடைசி ஓரம் வெட்டப்படுவதற்கு முன் மகள் அங்கிருந்து நான்கு சிலந்திகளை எடுத்திருந்தாள். தெற்குக் குன்றிலிருந்து ஏழு. இரு குன்றின் சிலந்திகளும் ஒரே தாய்வழியா, வேறு வேறா என்பதுதான் அவள் ஆய்வின் கடைசிக் கேள்வி. மற்ற மூன்று குன்றுகளின் முப்பது சிலந்திகளில் முதல்கட்ட வேலையை முடித்திருந்தாள். இந்தப் பதினொன்றை இனிமேல்தான் தொட வேண்டும். ஆய்வகத்தின் உறைபெட்டி பழுதானதால் எல்லாக் குப்பிகளையும் சில வாரங்களுக்கென்று வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் ஆய்வகத் தலைவர் தொலைபேசியில் பேசினார். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். என்னிடம் எப்போதும் தமிழில் பேசவே முயல்வார். அவசரமில்லை என்றும், என்னால் முடியும்போது அந்த டப்பாவைக் கொண்டுவந்து தந்தால் மகளின் ஆய்வை அவள் பெயரிலேயே முடித்து வெளியிட விரும்புவதாகவும் சொன்னார்.

23ஆம் தேதி டப்பாவைத் திறந்து பார்த்தேன். குப்பிகள் வரிசையில்லாமல் கிடந்தன. உள்ளே இருந்த சீட்டுகள் கிழித்த தாளின் துண்டுகள். பென்சிலில், குன்றுச் சரிவில் முழங்காலில் வைத்து எழுதிய கோணல் எழுத்து. மகளின் வேலை இன்னொருவர் கைக்குப் போகும்போது இந்தக் கோலத்தில் போகக் கூடாது என்று நினைத்தேன். தடித்த வெள்ளை அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டினேன். நீலப் பால்பாயிண்ட் பேனாவால், ஒவ்வொரு சீட்டிலும் இருந்த குன்றின் பெயரையும் குழியின் எண்ணையும் அச்சுப்போல எழுதினேன். ஒரு குப்பியைத் திறப்பது, பழைய சீட்டை இடுக்கியால் எடுப்பது, பார்த்து எழுதுவது, புதியதை இடுவது. பதினெட்டு நாட்களில் அன்றுதான் என் கைக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. எடுத்த சீட்டுகள் அவள் எழுத்து என்பதால் ஒன்றையும் எறியவில்லை. உலர்த்தி, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு என் மேசை இழுப்பறையில் வைத்தேன். தனியாக ஒரு பட்டியல் எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. சீட்டுதான் உள்ளேயே இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

மூன்று வாரங்கள் கழித்து, பெங்களூருக்கு எடுத்துச் செல்ல டப்பாவைத் திறந்தபோது குப்பிகளில் இருந்த எத்தனால் இளநீலமாக இருந்தது. முதலில் குளிரால் ஏதோ படிந்திருக்கிறது என்று எண்ணினேன். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே வெறும் வெள்ளை அட்டை. இன்னொன்றை எடுத்தேன். நாற்பத்தொன்றையும் எடுத்துப் பார்த்தேன்.

மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அவ பென்சில்ல எழுதினதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு உங்களுக்குத் தோணலையா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முப்பத்து நான்கு ஆண்டுகளும் முதலாண்டு மாணவர்களுக்கு நான் செய்து காட்டிய முதல் சோதனை ஒன்று உண்டு. வடிதாளின் அடியில் பேனா மையால் ஒரு புள்ளி வைத்து, ஆல்கஹாலில் முனையை நனைப்பேன். மை கரைந்து, நிறம் நிறமாகப் பிரிந்து மேலே ஏறும். அடுத்து அதே தாளில் ஒரு பென்சில் கோடு கிழித்துக் காட்டுவேன். அது அசையாது. "மை கரையும், கரி கரையாது" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். இதை அறியாத ஒருவர் அந்தச் சீட்டுகளை மாற்றியிருந்தால் அதை அறியாமை என்று சொல்லலாம். எனக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் உரிமை இல்லை.

நாற்பத்தொரு குப்பிகளும் இருந்தன. மகள் எழுதிய நாற்பத்தொரு சீட்டுகளும் உறைக்குள் பத்திரமாக இருந்தன. எது எதனுடையது என்பது மட்டும் உலகில் எவருக்கும் தெரியாமல் போயிருந்தது.

மறுநாள் பனிக்கட்டி வைத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் பெங்களூர் போனேன். பக்கத்து இருக்கையில், வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் சீருடை போட்ட ஒருவர், "பெருசு, உள்ள மீனா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆய்வகத் தலைவரிடம் நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவர் ஒரு குப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றியுடையவனாக இருக்கிறேன். குப்பியைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல கால் எண்ணலாம் சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். டி.என்.ஏ. எடுக்கச் சிலந்தி முழுவதும் தேவையில்லை. ஒரு கால் போதும். மகள் எப்போதும் வலப்பக்கத்து மூன்றாவது காலைத்தான் எடுப்பாளாம். முதல்கட்ட வேலை முடிந்த முப்பது சிலந்திகளுக்கு ஏழு கால் இருக்கும், தொடாதவற்றுக்கு எட்டு. நுண்ணோக்கியின் கீழே ஒவ்வொன்றாக வைத்து எண்ணினோம். முப்பது குப்பிகளில் ஏழு. பதினொரு குப்பிகளில் எட்டு.

முப்பதையும் மீட்க வழி இருந்தது. அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஒரு சிறு மரபணுவை மகள் ஏற்கெனவே படித்துத் தன் மடிக்கணினியில் சேமித்திருந்தாள். அதே மரபணுவை மறுபடி படித்து ஒப்பிட்டார்கள். ஒரே குன்றில் சில சிலந்திகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்ததால், எந்தக் குழி என்பது எல்லாவற்றிலும் தெரியவில்லை. எந்தக் குன்று என்பது முப்பதிலும் தெரிந்துவிட்டது.

எட்டுக் காலும் இருந்த பதினொன்றுக்கு அப்படிச் சேமித்த எதுவும் இல்லை. உறையில் மீதமிருந்த சீட்டுகளோ பதினொன்று. நான்கில் வடக்குக் குன்று என்று இருந்தது, ஏழில் தெற்கு. இனி எடுக்க முடியாத நான்கும் அந்தப் பதினொன்றுக்குள் எங்கோ இருந்தன.

செப்டம்பரில் அந்தப் பதினொன்றின் முழு மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது. ஆய்வகத் தலைவர் என்னை வரச் சொன்னார். திரையில் மரம்போலக் கிளை விரித்த ஒரு கோட்டோவியம். பதினொரு சிலந்திகளும் இரண்டு கிளைகளாகப் பிரிந்திருந்தன. இரண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி; மிகப் பழைய பிரிவு என்று அதற்குப் பொருள். ஒரு கிளையில் ஐந்து. இன்னொன்றில் ஆறு.

"நாலு, ஏழுன்னு பிரிஞ்சிருந்தா ஒரு மாதிரி நிம்மதியா இருந்திருக்கும்" என்றார் அவர். "அப்பவும் மரத்தைப் பாத்துச் சீட்டு ஒட்டிட்டு, அப்புறம் அந்தச் சீட்டை வெச்சே மரத்தை விளக்கறது சரியில்ல. இப்ப அதுக்கும் வழியில்ல. எண்ணிக்கையே பொருந்தலையே."

பிறகு தயங்கிக் கேட்டார். "சீட்டு மாத்தும்போது எந்த வரிசையில எடுத்தீங்கன்னு ஏதாவது ஞாபகம் இருக்கா சார்? நிச்சயமா தெரிஞ்சா, எந்தக் கிளை எந்த மலைன்னு சொல்ல ரெண்டு குப்பி போதும்."

ஒரு பொய் எவ்வளவு சிறியதாக இருக்க முடியும் என்பதை அந்த அறையில்தான் அறிந்தேன். என் நினைவாற்றலை யாரும் இதுவரை சந்தேகித்ததில்லை. ஆம் என்று சொல்லி, ஐந்து சிலந்திகள் உள்ள கிளையிலிருந்து இரண்டு குப்பிகளை வடக்கு என்று சுட்டியிருந்தால் அவர் நம்பியிருப்பார். மகளின் கேள்விக்கு விடை என்று ஒன்று அச்சில் வந்திருக்கும். அவளுடைய சீட்டுகளின் ஓரங்கள், அவள் ஏழாம் எண்ணுக்குக் குறுக்கே இடும் கோடு, அன்று காலை ஜன்னலில் இருந்த வெயில் எல்லாம் என் நினைவில் இருந்தன. எந்தச் சீட்டு எந்தக் குப்பியிலிருந்து வந்தது என்பது இல்லை.

"இல்லை" என்றேன்.

பதினொரு சீட்டுகளையும் மேசைமேல் பரப்பி இருவரும் பார்த்தோம். தெற்குக் குன்று என்று எழுதிய ஏழில் ஒன்றில் மட்டும் குழியின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது. நான் படி எடுத்தபோது அதைத் தற்செயலான கிறுக்கல் என்று விட்டிருந்தேன். மகளின் களக் குறிப்பேட்டிலும் அதற்கு விளக்கம் இல்லை. ஆனால் அந்தக் குழியைப் பற்றிய பக்கத்தின் ஓரத்தில், "கல் பட்டறை அக்கா காட்டியது" என்று இருந்தது.

அந்தப் பெண்ணைத் தேடிப் பர்கூர் போனேன். நெடுஞ்சாலை ஓரத்தில் கருங்கல்லை அறுத்து மெருகேற்றும் ஒரு பட்டறை. கல் அறுக்கும் சேற்றை வாரிக் கொட்டும் வேலையில் இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருப்பதாகவும் வாரம் ஒருமுறை வருவதாகவும் பிறகு சொன்னார். நான் இன்னாரின் தந்தை என்றதும் முகம் மலர்ந்தது.

"பாப்பாவோட அப்பாவா? மொதல்ல பாத்தப்ப மண்டி போட்டுக்கினு தரையத் தடவிக்கினு இருந்துச்சி சார். கம்மலத் தொலச்சிட்டு அழுவுதோன்னு ஓடுனேன். பாத்தா சிரிச்சிக்கினு பூச்சி தேடுது. இந்த வயசுல கல்யாணம் காட்சின்னு இல்லாம பூச்சிக்கு வூடு தேடிக்கினு இருக்கியேன்னு கேட்டேன். ஒனக்கும் ஒண்ணு பாத்துத் தரட்டாக்கான்னு கேக்குது." சிரித்துவிட்டு, "ஏன் ரெண்டு மூணு மாசமா ஆளே காணோம்? வேல மாறிப்போச்சா?" என்றார்.

அதுவரை மகளின் மரணத்தை நான் என் வாயால் எவரிடமும் சொன்னதில்லை. மருத்துவமனையிலிருந்து எல்லோருக்கும் சொன்னவர் என் மைத்துனர். ஆய்வகத்துக்குச் சொன்னவரும் அவர்தான். பட்டறையில் கல் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல். சொன்னதையே இரண்டாம் முறை, குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கையிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். உடன் வேலை செய்த பெண்ணிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவள் போய் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். இரைச்சல் நின்றது. ஓர் அறுத்த கல்மேல் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் தரையில் உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் வந்து எட்டிப் பார்த்தார். "இருங்க, வரேன்" என்றார் அந்தப் பெண், திரும்பாமலே. அவரும் போய்விட்டார்.

பிறகு சீட்டைக் காட்டினேன். எண்ணைச் சுற்றிய வட்டத்தைப் பார்த்ததும், "இது கொட்டுன மண்ணு" என்றார்.

வடக்குக் குன்றை வெட்டத் தொடங்கியபோது கல்லுக்கு மேலிருந்த மண்ணை வழித்து, டிப்பர் லாரிகளில் ஏற்றிச் சாலைக்கு அந்தப் பக்கம், தெற்குக் குன்றின் அடியில் கொட்டியிருக்கிறார்கள். சில ஆண்டுகளில் அதன்மேல் புல்லும் முள்ளும் வளர்ந்து, குன்றின் சரிவைப் போலவே ஆகிவிட்டது. "பாப்பா அந்த மேட்டுலயும் ஒரு குழிய எடுத்துச்சி. அக்கா, இது இந்த மலைதானான்னு கேட்டுச்சி. மல ஏது, அந்தாண்ட இருந்து கொட்டுனதுன்னேன். அப்டியேன்னுட்டு டப்புனு பென்சில எடுத்து வட்டம் போட்டுச்சி. எனக்கு ஞாபகம் இருக்குது சார். அன்னிக்கி எங்கூட்ல இருந்து புளிசாதம் எடுத்தாந்தேன்."

நான்கும் ஒன்றும் ஐந்து. மீதி ஆறு.

கல்மேல் உட்கார்ந்தபடியே ஆய்வகத் தலைவரை அழைத்துச் சொன்னேன். அவரும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். அப்புறம், அந்த மேட்டிலிருந்து புதிதாக ஒரு சிலந்தி கிடைத்து, அதுவும் ஐந்து உள்ள கிளையில் சேர்ந்தால், மரத்தைச் சாராத ஒரு சான்று கிடைக்கும் என்றார். "மேடு இன்னும் இருக்கா, கேளுங்க சார்."

கேட்டேன். "இருக்குது. பாதிதான். கம்பெனி ஷெட்டு கட்ட மண்ணு அள்ளிக்கினு இருக்காங்க. அடுத்த வாரம் இருக்காது."

இரண்டு நாள் கழித்து மூவரும் அங்கே நின்றோம். மேட்டின் மறுகோடியில் மண் அள்ளும் இயந்திரம் வேலை செய்துகொண்டிருந்தது. மூடி எங்கே இருக்கிறது என்று எனக்குக் கடைசி வரை கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் குனிந்த இடத்திலெல்லாம் இருந்தது. ஒரு துரும்பால் முதல் மூடியைத் தூக்கினார். எளிதாகத் திறந்தது. உள்ளே காலி. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் காய்ந்த குழிகள். நாலாவது குழியின் மூடி திறக்கவில்லை.

"உள்ள புடிச்சிக்கினு இருக்குது" என்றார்.

இரண்டு மூன்று முறை முயன்றார். ஒவ்வொரு முறையும் மூடி ஒரு மயிரளவு உயர்ந்து, மறுபடி உள்ளே இழுபட்டது. மகள் எத்தனையோ ஞாயிறுகள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தபோது, என்னால் சற்று நேரம் வேறு பக்கம் பார்க்கத்தான் முடிந்தது.

பக்கவாட்டில் மண்ணைப் பறித்து எடுத்தார்கள். ஆய்வகத் தலைவர் வலப்பக்கத்து மூன்றாவது காலை மட்டும் இடுக்கியால் எடுத்துக் குப்பியில் இட்டார். அடுத்த முறை தோல் உரிக்கும்போது கால் மறுபடி முளைக்கும் என்றார். சீட்டை நான் எழுதினேன். பென்சிலால்.

சிலந்தி ஒரு டம்ளரில் இருந்தது. அதைத் திரும்ப அதே மேட்டில் விட்டால் இரண்டு நாளில் லாரியில் ஏறிவிடும். தெற்குக் குன்றின் சரிவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நான் அங்கே கை காட்டினேன். ஆய்வகத் தலைவர் தலையசைத்து மறுத்தார்.

"அங்கே விட்டா, நாளைக்கு வேற யாராவது வந்து எடுத்து, இந்த மலையோடதுன்னு எழுதுவாங்க. நாம பட்ட குழப்பம் அவங்களுக்கும் வரும் சார்."

சரிதான். ஆனால் டம்ளர் என் கையில் இருந்தது. அடியில் அது ஏழு காலால் மண்ணைத் தேடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் டம்ளரை வாங்கிக்கொண்டார். "அப்ப எங்கூட்டுக்குப் பின்னால வுட்டுடறேன். அங்க மலயும் கெடயாது, ஒண்ணும் கெடயாது. கோழிதான் இருக்குது. அத நான் பாத்துக்கறேன்." தன் முந்தானையால் டம்ளரின் வாயை மூடி, சாலையைக் கடந்து போனார்.

அந்தக் காலின் மரபணுத் தொகுதி ஐந்து உள்ள கிளையில் சேர்ந்தது. வடக்குக் குன்றின் சிலந்திகளும் தெற்குக் குன்றின் சிலந்திகளும் நெடுங்காலத்துக்கு முன் பிரிந்த இரு தாய்வழிகள் என்றும், குன்று போன பிறகு அதன் வழி, கொட்டிய மண்ணில் சில ஆண்டுகள் தொடர்ந்தது என்றும், எச்சரிக்கையோடு எழுத அது போதும் என்று ஆய்வகத் தலைவர் முடிவு செய்தார். மேடு இப்போது இல்லை. ஐந்து குப்பிகளில் எது மேட்டிலிருந்து வந்தது, எவை குன்றிலிருந்து வந்தவை என்பது இனித் தெரிய வழியில்லை. அந்த அளவுக்கு அவள் ஆய்வு என்னால் என்றைக்கும் குறையுடையது.

கட்டுரையின் வரைவு வந்தபோது, செய்முறைப் பகுதியில், "கையாளும்போது நேர்ந்த பிழையால் அடையாளச் சீட்டுகள் அழிந்தன" என்று இருந்தது. யாருடைய பிழை என்று எழுத வேண்டும் என்றேன். ஆய்வகத் தலைவர் இரண்டு முறை மறுத்தார். "அவங்க பேர் வர்ற கட்டுரை சார். இது வேணாமே" என்றார். படிப்பவர் தரவை எடைபோட, அதைத் தொட்டவர் பயிற்சி பெற்றவரா இல்லையா என்று தெரிய வேண்டும் என்று வாதிட்டேன். இறுதியில் ஒப்புக்கொண்டார். "முதல் ஆசிரியரின் மறைவுக்குப் பின், அவருடைய தந்தை சீட்டுகளை மையால் மாற்றி எழுதியதால்" என்று அந்த வாக்கியம் இப்போது தொடங்குகிறது. அவள் எழுதியவற்றில் நான் வரும் இடம் இது ஒன்றுதான்.

ஒருவர் விட்டுப்போனதைச் சீர்செய்யக் கை நீளும்போது, அது ஏன் அப்படி இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை என்பதே நான் கேட்காமல் போனதற்குக் காரணமாக இருந்தது என்பதை இப்போது அறிகிறேன்.

இன்னும் செய்யாதவை:

பதினொரு குப்பிகளிலும் என் வெற்று அட்டைகள் அப்படியே உள்ளன. அவற்றை எடுத்துவிட்டு, "குழி அறியப்படவில்லை" என்று பென்சிலால் எழுதி இட வேண்டும்.

அந்தப் பெண்ணின் பெயரைக் கட்டுரையின் நன்றிப் பகுதியில் சேர்க்க, அவர் அதை எப்படி எழுதுவார் என்று கேட்டு வர வேண்டும்.

அவர் வீட்டுக்குப் பின்னால் விட்ட சிலந்தி கோழிகளுக்குத் தப்பியதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும்.

கட்டுரையில் என்னைக் குறிப்பிடும் அந்த வாக்கியத்தை மனைவிக்குப் படித்துக் காட்ட வேண்டும்.